மலைக்குக் கீழே எங்கள் வீடு

எங்கள் அம்மாவுக்கு மனிதர்களின் முகம் முக்கியமில்லை, கைதான் முக்கியம். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. புது ரைஸ்குக்கர் வாங்கினால்கூட, கைராசிக்காரி என்று பெயரெடுத்த கீழ்மாடி அன்ரியை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்துதான் முதல் சோறு போடுவிப்பார். அன்ரி போட்ட சோறு குழைந்துபோனால் குற்றம் அரிசியில்தான்.

அப்படிப்பட்டவர் என்னை எதிர்வீட்டுக் கிழவரிடம் எப்படி விட்டுவைத்தார் என்பது ஆச்சரியம். அவர் சேர்பியாவின் நோவி சாட் நகரத்துக்காரர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, அம்மா ஃபக்டரியால் வரும்வரை அவர் வீட்டில்தான் இருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அவருடைய ஹோலில் சோபா கிடையாது. சுவரிலிருந்து சுவர்வரை ஒரு மேசை. அதன்மேல் காட்போட் மட்டையாலும் தீக்குச்சியாலும் செய்த நோவி சாட். நடுவே நீலக் கண்ணாடித் துண்டுகளால் டன்யூப் ஆறு, அதற்குக் குறுக்கே மூன்று பாலங்கள். இந்தக் கரையில் கூரான கோபுரத்தோடு ஒரு தேவாலயம், அந்தக் கரையில் மலைமேல் பெட்ரோவரடின் கோட்டை. துருக்கியரைத் தடுக்கத் தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்களாம். அந்தக் கோட்டை மணிக்கூட்டில் பெரிய முள் மணியையும் சின்ன முள் நிமிடத்தையும் காட்டும். தூரத்தில் படகில் வருகிறவனுக்கு நிமிடம் எதற்கு என்று கிழவர் கேட்பார். திரைச்சீலையை அவர் திறப்பதேயில்லை. ஆள் ஒருவர்கூட இல்லாத அந்த நகரம் அரையிருட்டில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என்றாலும் ஆசை யாரை விட்டது? யாழ்ப்பாணத்து எங்கள் வீட்டுப் படத்தைக் கொடுத்து, இதையும் செய்து தாருங்கள் என்று கேட்டேன். அந்த வீட்டில் மாமா இருந்தார், அம்மாவின் ஒரே தம்பி. எல்லாரும் வெளிக்கிட்டபோதும் வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டவர். ஞாயிறுதோறும் கடையிலிருந்து ரெலிபோன் எடுப்பார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, பனி கரைந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், மேசையில் ஒரு பாலம் இல்லை. எங்கே என்று கேட்டேன். போய்விட்டது என்றார். அன்றிரவு அப்பா ரீவியில் செய்தி போட்டார். அதே பாலம் ஆற்றுக்குள் முறிந்து கிடந்தது. விமானங்கள் குண்டு போட்டனவாம். சில நாட்களில் இரண்டாவது பாலமும் மேசையிலிருந்து காணாமல் போனது. இரவு ரீவியில் அதுவும் விழுந்து கிடந்தது. முதலில் அவர் எடுக்கிறார், பிறகு அது விழுகிறது. பகலில் அவருக்கு நோவி சாட்டில் இருக்கும் அக்காவிடமிருந்து ரெலிபோன் வருவது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த ஞாயிறு மாமாவின் ரெலிபோனும் வரவில்லை. எங்கள் வீட்டுப் படம் கிழவரிடம் இருக்கிறது என்று நான் சொன்னதும் அம்மா எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

“ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா. உந்தக் கை எங்கடை வீட்டிலை படக்கூடாது. தம்பி உள்ளுக்கை இருக்கிறான்.”

ஓடினேன். கிழவர் மூன்றாவது பாலத்தைக் குறட்டால் கழற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் கேட்டேன். வீடே செய்து முடிந்துவிட்டது என்றார். மேசை முழுக்கத் தேடினேன், காணவில்லை. அவர் கோட்டையை, மலையோடு சேர்த்து, பானை மூடியைப்போலத் தூக்கினார். கீழே கறுப்பு மை பூசிய சுரங்கங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு வீடுகள். ஒன்று, முன்பு பாலத்தடியில் இருந்த அவருடைய அக்கா வீடு. மற்றது எங்களுடையது. கிணறும் துலாவும் முருங்கை மரமும் அப்படியே இருந்தன.

எங்கள் வீட்டைப் புதைத்துவிட்டார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். மாமாவையும் உள்ளே வைத்துப் புதைத்துவிட்டார். மாமா, மாமா என்று குழறி அழுதபடி அந்த இருட்டுக்குள் கையை விட்டு வீட்டை இழுத்தேன். முருங்கை முறிந்தது. கிழவர் தடுக்கவில்லை. உன் மாமா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால் இங்கேயே இருக்கட்டுமே என்று கெஞ்சுவதுபோலச் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அந்த வீட்டைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்து விபூதி பூசினார். அடுத்த ஞாயிறு மாமா எடுத்தார். போன கிழமை லைன் கிடைக்கவில்லை என்றார், அவ்வளவுதான். தான் நேரத்துக்கு மீட்டெடுத்ததால்தான் தம்பி தப்பினான் என்று அம்மா மாடிமாடியாகச் சொல்லித் திரிந்தார். இத்தனைக்கும் ஷெல் விழுந்த நாட்களில் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு, தென்னங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் ஓடி ஓடி ஒளித்தவர் அவர். அந்தக் கதை எனக்குப் பாடம். ஆனாலும் எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூட அந்த மலை பங்கராகத் தெரியவில்லை.

கோடையில் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிப் புறப்பட்டோம். போகிற நேரம் பகை எதற்கு என்று, கிழவரிடம் சொல்லிவிட்டு வர அம்மா என்னை அனுப்பினார். உங்கள் அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கடைசிப் பாலம் போன பிறகு ரெலிபோன் வரவில்லை என்றார். பிறகு சொக்லேட் எடுக்கக் குசினிக்குள் போனார்.

நான் குனிந்து மலைக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த நீக்கலால் பார்த்தேன். அக்கா வீடு அங்கேயேதான் இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒன்றையும் வைக்காமல் வெறுமையாக விட்டிருந்தார். நான் அழுத நாளில் இல்லாத ஒரு குட்டி பல்ப் அந்தச் சுரங்கத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் லைற் எரியவிடாதே என்று அப்பா தினமும் ஏசுவார். கிழவருக்கு மறதி கூடிவிட்டது என்று நினைத்தேன். மேசைக்கடியில் இருந்த சுவிட்சைத் தேடிப்பிடித்து அணைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகச் சொக்லேட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.