நர்ஸம்மா வீட்டுக் கதவு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. என் கணவர் மார்க்கெட் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு விற்க வாங்கும் காகித நட்சத்திரங்களும் சீரியல் பல்புகளும் கடையில் கொள்ளாமல், முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனுக்கு வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் நட்சத்திரம், பீரோ மேல் நட்சத்திரம். மிச்ச இடம் என்னுடையது. நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். எங்கள் பெருநாளைவிடக் கிறிஸ்துமஸுக்குத்தான் எனக்கு வேலை அதிகம். பழங்களை ரம்மில் ஊறவைக்க மாட்டேன், திராட்சைச் சாற்றில்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அது தெரிந்தே கேட்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கைக்காரர்கள்.

அந்த வருஷம் மகள் பத்தாவது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் நட்சத்திரம் பிடித்துக்கொண்டதால் சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். நான் முட்டை அடிக்கிற சத்தத்துக்கு மேலே அவள் சத்தம், அதற்கு மேலே மழை. அப்படி ஒரு மதியத்தில்தான் நர்ஸம்மா படியேறி வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். என் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான் ஓடியது அவரிடம்தான். வருஷா வருஷம் ஒரு பிளம் கேக் வாங்குவார், அவ்வளவுதான். அன்று நட்சத்திர மூட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவர், குடையை மடிக்கக்கூட இல்லை.

"எங்கண்ணன் வராரும்மா, பிரான்ஸ்லேர்ந்து. பண்டிகைக்கு எங்கிட்ட சாப்பிடறேன்னிருக்காரு. எங்க பழைய வீடு மாதிரி ஒரு கேக் செஞ்சு குடுப்பியா?"

"செஞ்சிடலாம் நர்ஸம்மா. போட்டோ குடுங்க."

"போட்டோ இல்ல. வீடும் இல்ல. இடிச்சு ஃபிளாட் கட்டிட்டாங்க. நான் சொல்றேன், நீ செய்."

ஓடு போட்ட வீடு, மாடி கிடையாது, தெருவில் நின்று பார்த்தால் வலது ஓரம் கதவு, காவிக் கலர், இடது பக்கம் ரெண்டு ஜன்னல், முன்னால் ஒரு நந்தியாவட்டைச் செடி. அவர் சொல்லச் சொல்ல நான் மகளின் பரீட்சை அட்டையின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டேன். போகும்போது வாசலில் நின்று, "நாங்க ரெண்டு பேரும் பேசி ரொம்ப வருஷம் ஆச்சு. அம்மா செத்ததுலேர்ந்து இல்ல. வெளியூர்ல இருக்கற என் பொண்ணுதான் பேசி வரவழைச்சிருக்கா," என்றார். ஏன் என்று கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அதுவரை நான் செய்ததெல்லாம் பார்த்துச் செய்ததுதான். போனில் ஒரு படத்தை அனுப்பி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அதே மாதிரி செய்வேன். பார்த்துச் செய்ய ஒன்றுமே இல்லாத வேலை அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. வயதான குரல். நர்ஸம்மாவின் அண்ணன் என்றார். தங்கை மகள் என் நம்பரைக் கொடுத்தாளாம்.

"என் தங்கச்சி பாப்பா என்ன சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. கதவ மட்டும் சரியா வச்சிடு. இடது பக்கம். பச்சைக் கதவு. எங்கப்பா சொல்தா, மில்லு வேலைக்கு முன்னாடி பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அவரே வாங்கி அடிச்ச பெயின்ட்டு. மேல ஒரு சின்ன ரூம் உண்டு. அதான் என் ரூம். அத விட்டுடாத."

"மாடியே இல்லன்னாங்களே சார்."

"நான் பேசினத பாப்பாகிட்ட சொல்லாத. மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கு மாடி இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. பொய் சொல்கிறார்களா? எதற்குச் சொல்ல வேண்டும்? நர்ஸம்மாவிடம் போய், பழைய படம் ஏதாவது தேடிப் பாருங்கள் என்றேன். அலமாரியைக் குடைந்து ஒன்றை எடுத்தார். அவர் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று வீட்டு வாசலில் எடுத்தது. வெள்ளை கவுன் போட்ட சின்னப் பெண், சுற்றி முப்பது நாற்பது பேர். கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு உறவினர்கள் சிரிக்கிறார்கள். ஓடு மட்டும் ஒரு கோடு மாதிரித் தெரிகிறது. "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றார் நர்ஸம்மா. எதைப் பார்க்கச் சொல்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

அன்று ராச்சாப்பாட்டின்போது என் கணவரிடம் புலம்பினேன். அவர் ஒரே வரியில் முடித்தார். "ஆர்டர் குடுத்தவங்க சொன்னத செய். இதுல இன்னா குழப்பம்?"

"சரி, நம்ம மொதல்ல இருந்த தவளக்குப்பம் வீட்ல தண்ணிக் குழா எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"பின்னாடி, பாத்ரூமாண்ட."

"முன்னாடிங்க. வாசப்படியாண்ட. நான் தெனம் கொடம் தூக்கினவ."

"வாசல்ல என் வண்டிதான் நிக்கும். அங்க எப்டி குழா இருக்கும்?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் குழாலாம் ஞாபகம் இல்லம்மா. ஜன்னல் கம்பிதான் ஞாபகம். அத புடிச்சிட்டு அத்தா வண்டி வருதான்னு பாத்துட்டே இருப்பேன். கம்பில துரு வாசன வரும்."

அந்த வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது அவளுக்கு நாலு வயது இருந்தால் அதிகம். அப்படி அவள் காத்திருந்தது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். எனக்கோ, இத்தனை நாள் நான் நர்ஸம்மாவிடம் கேட்டது தப்பான கேள்வி என்று தோன்றியது. வீடு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கக் கூடாது. அங்கே எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளே போன் போட்டு ரெண்டு பேரையும் கேட்டேன். நர்ஸம்மா நந்தியாவட்டைச் செடியடியில் உட்கார்ந்துதான் படிப்பாராம். அண்ணனுக்கு, மேலே படுத்திருக்கும்போது கீழே அம்மா இருமுவது கேட்குமாம். "எந்த வயசு வரைக்கும் சார்?" என்றேன். "பட்டாளத்துல சேந்து போற வரைக்கும்," என்றார். கேட்டுத் தெரிந்துகொண்டால் தெளிவு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் கை மட்டும் வேலையைத் தொடங்கிவிட்டது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வீடு தங்கை சொன்னது. மேலே பெட்டி மாதிரி அண்ணனின் அறை. கதவு தங்கை சொன்ன இடத்தில், அண்ணன் சொன்ன பச்சையில்.

மழைக்காலத்தில் சர்க்கரை மாவில் சுவர் எழுப்புவது பெரிய பாடு. காற்றின் ஈரத்தைக் குடித்து வேர்த்து வழியும். ஃபேனைப் போட்டால் நட்சத்திரங்கள் பறந்தன. மகள் தேர்வு முடிந்த கையோடு வந்து உட்கார்ந்து, ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தாள். நந்தியாவட்டைப் பூவை நான் ஐந்து இதழ் வைத்தேன். அடுக்கு நந்தியாவட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அதை மறுபடி போன் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது அது யாருடைய வீடு மாதிரியும் இல்லை. ஆனால் யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி இருந்தது. இதுவரை நான் செய்த எதையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

பண்டிகை அன்று, பூசைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். நர்ஸம்மா பட்டுப்புடவையில் இருந்தார். அண்ணன் கூடத்தில் நாற்காலி நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, உயரமாக, தங்கையின் மூக்கு அப்படியே. என்னைப் பார்த்ததும் முன்பின் தெரியாதவர் போலத் தலையாட்டினார். மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"கதவு தப்பு."

"இன்னா தப்பு?" என்றார் நர்ஸம்மா.

"இந்தப் பக்கம் இல்ல. இடது பக்கம்."

"கடைசி வரைக்கும் அந்த வீட்ல இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?" சொல்லிக்கொண்டே வந்தவர் கதவை உற்றுப் பார்த்தார். "பச்சை யாரு போடச் சொன்னது? மாடி ஏது?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் சொன்னேன்," என்றார்.

"ஓகோ. எங்கிட்ட பேச வாய் வராது. கேக் செய்றவகிட்ட மட்டும் வருமா?"

அண்ணன் மேசையிலிருந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்து, கதவுக்கு அடியில் விட்டு நெம்பி எடுத்தார். சுவரில் பழுப்பாக ஒரு ஓட்டை. கதவை இடது பக்கம் கொண்டுபோய் ஒரு ஜன்னல் மேல் வைத்து அழுத்தினார். ஜன்னல் நொறுங்கியது. நர்ஸம்மா அதைப் பிடுங்கி மறுபடி வலது பக்கத்தில் ஒட்டினார். அண்ணன் மறுபடி எடுத்தார். ரெண்டு வயசான மனுஷர்கள், வாய் பேசாமல், சின்னப் பிள்ளைகள் பொம்மைக்கு இழுக்கிற மாதிரி. என் அத்தனை நாள் வேலை கண் முன்னால் உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை.

"இங்கதான் கதவு," என்றார் நர்ஸம்மா, அந்த ஓட்டையில் விரலை வைத்து. குரல் மாறியிருந்தது. "உள்ள வலது பக்கமா அம்மா கட்டில போட்டிருந்தேன். இது வழியாத்தான் அம்மாவ எடுத்துட்டுப் போனோம்."

அண்ணன் கை அப்படியே நின்றது.

"ஒரு நாள் எனக்காக வச்சிருந்திருக்கலாம், பாப்பா. ஒரே ஒரு நாள். நான் டிக்கெட் போட்டுட்டேன்."

"புயல் மழை. ஊரெல்லாம் கரண்ட் இல்ல. ஐஸ் பெட்டி ஓடல. நான் நர்சு. எத்தினி நேரம் வச்சிருக்கலாம்னு எனக்குத் தெரியும்."

"நீ சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே. போன்ல கத்திட்டு வச்சிட்ட."

நான் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். போவதா இருப்பதா? போனால் நடுவில் ஓடியது போல இருக்கும். நின்றால் ஒட்டுக் கேட்பது போல. அண்ணன் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். கதவு அவர் கையிலேயே இருந்தது. அது இளகி, உள்ளங்கையெல்லாம் பச்சை.

"யாரெல்லாம் தூக்கினாங்க?" என்று கேட்டார்.

"தெருப் பசங்கதான். மில்லுல அப்பாகூட வேல செஞ்சவரு மவன் ஒருத்தன். முழங்கால் தண்ணி. நான் குடை புடிச்சிட்டுப் பின்னாடியே போனேன். பொட்டி நனையக்கூடாதுன்னு பொட்டி மேல புடிச்சிட்டே போனேன். நனைஞ்சா இன்னா? ஆனா புடிச்சிட்டே போனேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மாவும் கிட்டே போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, உடைந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள். "நல்லாருக்குன்னாங்களாம்மா?"

"கதவ பேத்துட்டாங்க."

"ஏன்? யாரு?"

"ரெண்டு பேருமே. எனக்கும் ஒண்ணும் புரியல."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஓடு வெட்டியது அவள் அல்லவா. அவளைச் சமாதானப்படுத்தவும் எனக்கு வழி தெரியவில்லை. நான் கெடுத்தேனா, நல்லது செய்தேனா? அண்ணன் சொன்னபடி பச்சை அடிக்காமல் இருந்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, ஒழுங்காகப் பேசாமலே பிரிந்திருப்பார்களோ? அதுதான் நல்லதோ? லீவு முழுக்க இதையே அரைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மாவுக்கு போன் செய்ய எடுப்பேன், வைத்துவிடுவேன்.

புத்தாண்டு கழிந்து அவரே கூப்பிட்டார், கேக் பலகையை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி. போனேன். பலகை கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அண்ணன் முதல் நாள்தான் ஊருக்குக் கிளம்பிப் போனாராம்.

"பேசிக்கிட்டீங்களா நர்ஸம்மா?"

"இன்னாத்த பேசறது. தெனம் ஓட்டல்லேர்ந்து காலைல வருவாரு. காபி குடிப்பாரு. இடது பக்கம்னுவாரு, நான் வலது பக்கம்னுவேன். புது வருஷத்தன்னிக்கு அம்மா கல்லறைக்குப் போனோம். அங்கயும் சண்டை. எந்த வரிசைன்னு நான் சொன்னா நம்பல, கல்லறைக் காவல் ஆளக் கூப்ட்டுக் கேட்டாரு."

"அப்புறம்?"

"நான் சொன்ன வரிசைதான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அழுதாரும்மா. நான் பாக்காத மாதிரி நின்னுட்டேன். அது சரியா தப்பா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? தெரியவில்லை என்றேன். "எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார்.