நான்காவது குகையில் யாரும் இல்லை

குகை காட்டுகிறவளுக்கு வெளிச்சம் வேண்டும், குரல் வேண்டும், பயமில்லாத மனம் வேண்டும். என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிழைப்புக்குப் போகிற அம்மாமாருக்கு என் பாடு புரியும்.

இலங்கை மலைநாட்டில், வத்தேகமவுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பாறையைக் குடைந்து செய்த அறைகள் வரிசையாக இருக்கின்றன. முன்னொரு காலத்தில் பிக்குகள் வாழ்ந்தவை. பிறகு, கத்தோலிக்கரைத் துரத்திய ஒல்லாந்தருக்குப் பயந்து ஓடிவந்த நம் கிறிஸ்தவர்கள் கடைசி அறையைக் கோவிலாக்கி, பாறையிலேயே பீடமும் சிலுவையும் செதுக்கிவிட்டார்கள். பார்க்க வரும் துரைமாருக்கு வழிகாட்டி என் வீட்டுக்காரர். அவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்தவள்தானே என்று தங்குமடத்துக்காரர் என்னை அனுப்பினார். ஒரு வயது மகன் அந்தோணி பால்குடி மறக்கவில்லை. அவனும் கூடவே வந்தான். இப்போது அப்பாவும் மகனும் தூங்குகிறார்கள். விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

கூவிவிட்டு நுழைவது

எந்தக் குகையானாலும் வாசலில் நின்று ஒரு தடவை உரக்கக் கூவவேண்டும். வௌவால் கலைந்துவிடும். சிறுத்தை படுத்திருந்தால் அதுவும் எழுந்து போய்விடுமாம். எந்த வழியாகப் போகும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு வாயில் வந்தது "மரியாயே!" ஒன்றுதான்.

முதல் வாரம், பந்தம் பிடிக்கிற பண்டாவோடு வழி பழகப் போயிருந்தேன். நான்காவது குகை வாசலில் கூவினேன். வெளியே வந்தது ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். பழஞ்சேலையில் சுற்றி மார்போடு அணைத்திருந்த பிள்ளை பிறந்து பதினொரு நாள்தான். கோப்பித் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய லயம் என்கிற வரிசை வீட்டிலிருந்து ஓடிவந்தவள், பெயர் முத்தம்மா. "காட்டிக் குடுத்துராதீங்கம்மா. இதோட அப்பாவ லயத்துக் காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. என்னையப் புடிச்சா செயில்ல போடுவாங்க, இது அந்த லயத்துலயே செத்துரும்" என்றாள்.

ஓடியவளுக்கு இடம் கொடுத்தால் கொடுத்தவளுக்கும் சிறைதான். நான் உள்ளே போனால் அந்தோணிக்குப் பால்? திரும்பிப் பண்டாவைப் பார்த்தேன். கொழுந்துவிட்டு எரிகிற பந்தத்தைக் கையில் பிடித்தபடியே அவர் சொன்னார்: "பந்தம் அணைஞ்சு போச்சு நோனா, எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

சுடுகிற தரை

அடுத்த வாரம் தாடிக்காரத் துரை ஒருவர் சிறு சுத்தியலோடு வந்தார். இந்தப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் எரிமலை வாய் என்பது அவர் கட்சி. இலங்கையில் எரிமலையே கிடையாது என்றுதான் மடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆனால் துரையோடு வாதாடவா எனக்குச் சம்பளம்?

நான்காவது குகையிலேயே தங்கிவிட்ட முத்தம்மாவுக்குக் கேட்கட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உரக்கக் கூவினேன். அவள் உள்வழியாகக் கோவில் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் கஞ்சி வைத்த அடுப்பை எங்கே ஒளிப்பாள்? சாம்பலை அள்ளி ஓரத்தில் தள்ளியிருக்கிறாள். துரை முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தடவினார். கையை வெடுக்கென்று இழுத்தார். முடிந்தது கதை என்று அந்தோணியை இறுக்கிக்கொண்டேன். அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு, கண் கலங்க என்னிடம் சொன்னார்: "அம்மணி, பாறை இன்னும் சுடுகிறது, இந்த மலை சாகவில்லை!"

முந்திக்கொண்ட எதிரொலி

படம் எழுத வந்த துரைசானி கோவில் பீடத்துக்கு முன்னால் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை நாள் ஆகுமாம். முத்தம்மா அடுத்த அறையில். பால் கேட்டால் பிள்ளை கத்தாமல் இருக்குமா? ஒவ்வொரு நிமிடமும் எனக்கு ஒரு யுகம்.

கத்தியது. மெல்லிய, பூனைக்குட்டிக் குரல். துரைசானியின் பென்சில் நின்றது. நான் யோசிக்கவே இல்லை, அந்தோணியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவன் மலையே இடிகிற மாதிரி வீறிட்டான். என் கண்ணும் நிறைந்துவிட்டது. பெற்றவள் செய்கிற வேலையா அது! துரைசானி தலையைச் சாய்த்து இரண்டு அழுகையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விசித்திரமான குகை, இங்கே எதிரொலி முதலில் வருகிறது, பிள்ளை பிறகுதான் அழுகிறது."

பாப்பா

அதற்கு மறுநாளே கங்காணி வந்தார். முத்தம்மா ஓடிவந்த தோட்டத்துக் கங்காணி. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக, குகை பார்க்கவேண்டும் என்றார். நான் ஒவ்வொரு வாசலிலும் கூவினேன், ஒரு தடவைக்கு மூன்று தடவை. "வவ்வாலுக்கு இம்புட்டு ஜெபமாம்மா?" என்று கேட்டு முன்னால் நடந்தார்.

நான்காவது குகை காலி. கோவிலுக்குள் போனோம். பண்டா பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்தார். பீடத்துக்குப் பின்னால் இருட்டில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தோணிதான் அடக்கவில்லை. தினமும் பார்த்துப் பழகியவன், பீடத்தைக் கைகாட்டி, "பாப்பா! பாப்பா!" என்று குதித்தான்.

கங்காணி பீடத்தையே பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கீழே ஈரத்தோடு கிடந்த ஒரு சின்னத் துணியைக் கைத்தடியால் தூக்கி, அதே இடத்தைப் பார்த்தபடி, குகை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "ஒங்க புள்ளத் துணிய விட்டுட்டீங்கம்மா, எடுத்துக்கங்க. நாளைக்கு விடிஞ்சப்புறம் நாலு ஆளோட வந்து நல்லாத் தேடப்போறேன்."

விடிந்தபின் சொன்னபடியே வந்தார். நான்கு ஆட்களும் ஒவ்வொரு மூலையிலும் பந்தத்தை நீட்டிப் பார்த்தார்கள். வௌவால் மட்டும் பறந்தது. முந்தின நாள் மாலையே பண்டா முத்தம்மாவையும் பிள்ளையையும் மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டிருந்தார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தெரியாதென்பதால்தான் எழுதவும் துணிந்தேன்.

காட்டுவதற்கென்று சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த மாதம் முழுவதும் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை காட்டாமல் இருந்ததுதான்.