இரண்டு அரசாங்கச் செலவில் பேசியவன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் தவளையாகிவிடுவேன். ஒரு காலத்தில் பஞ்சாலைகள் ஓடிய வட இங்கிலாந்து ஊர் இது. இங்கே கவுன்சில், அதாவது நம்மூர் நகராட்சி மாதிரி, நடத்தும் குடும்ப மையத்தில், ரப்பர் பாய் விரித்த கூடத்தில், மீசையும் தொப்பையுமாகக் குந்தி உட்கார்ந்து குதிப்பேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா குதிப்பார். அவருக்கு அடுத்து பஸ் ஓட்டுகிற சோமாலியாக்காரர். எங்களைச் சுற்றி, இன்னும் பள்ளிக்குப் போகாத எங்கள் பிள்ளைகள். சொந்த ஊரான மம்சாபுரத்தில் என்னைத் தெரிந்த யாராவது அந்த ஜன்னல் வழியே பார்த்தால் தீர்ந்தது கதை. ரிட்டயர்டு ஏட்டையா மகனுக்குச் சீமையில் மூளை கலங்கிவிட்டதாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேதி போய்விடும். நான் குதிப்பதற்குக் காரணம், என் மகன் கதிர் குதிக்க மாட்டான் என்பதுதான். பேசவும் மாட்டான். வீட்டுக்குள் நாலு வார்த்தை. வாசலைத் தாண்டினால் என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பூட்டிக்கொள்வான். செப்டம்பரில் அவனுக்குப் பள்ளி. ஒன்றுக்கு வருகிறது என்றுகூடச் சொல்லாத பிள்ளையை யாரை நம்பி விட்டுவிட்டு வருவது? அந்தப் பயத்தில் எனக்கும் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

மனைவி இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். பகலென்றும் இரவென்றும் ஷிஃப்டு. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன், அதனால் பிள்ளை என் பொறுப்பு. ஒருநாள், சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அரசாங்கத்து ஆள் வருகிறார் என்றால் நம்மாட்கள் முதலில் என்ன செய்வோம்? இருக்கிற வசதியை மறைப்போம். ரேஷன் கார்டு விசாரணை என்று காதில் விழுந்தாலே ஊரில் பைக் அடுத்த வீட்டுக் கொட்டகைக்குப் போய்விடும், ஃப்ரிட்ஜ் மேல் பழைய சேலை ஏறும். நானும் காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, புது டிவியைப் போர்வையால் மூடினேன். அதோடு நின்றேனா? ராஜபாளையத்தில் எல்.கே.ஜி. இண்டர்வியூவுக்கு அப்பா என்னை உருப்போட வைத்தது போல, நிறங்களின் பெயர்களையெல்லாம் கதிரிடம் இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். வந்தவர் பெயர் ஷீலா. ஐம்பது வயதிருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நிறமும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கதிர் நேரே போய்ப் போர்வையை இழுத்தான். டிவி பளபளவென்று நின்றது. அதற்குக் குளிருமா என்று ஷீலா கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

பிள்ளையைக் குடும்ப மையத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். எவ்வளவு சம்பளம் வரைக்கும் அங்கே வரலாம் என்று மெல்ல விசாரித்தேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிள்ளை இருந்தால் வரலாம் என்றார். அப்படியென்றால் பணம் கட்டுவது யார்? “நீங்கள்தான்” என்றார். பதறிப்போய்ப் பர்ஸைத் தேடினேன். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, வீட்டுக்குக் கவுன்சில் வாங்குகிறதே, அந்த வரிதான் என்று அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். செலவைக் குறைக்க இந்த மையத்தை மூடிவிடலாம் என்று ஒருமுறை பேச்சு வந்ததாம். பல் டாக்டரம்மாவும் பஸ் டிரைவரும் ஒன்றாகப் போய் மல்லுக்கட்டி நிறுத்தினார்களாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்த ஊர் மேல் ஒரு மரியாதை. ஏழைக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அந்த டாக்டரம்மா எதற்காகப் போய்ச் சண்டை போடப்போகிறார்?

ஷீலா சொன்ன ஒரே வைத்தியம், பிள்ளையோடு உங்கள் மொழியில் பேசுங்கள் என்பதுதான். நாங்களோ பள்ளிக்கு ஆகும் என்று அரைகுறை இங்கிலீஷைப் பேசிக்கொண்டிருந்தோம். சரியென்று தமிழுக்குத் திரும்பினால், ஐயோ, என்னிடம் இருந்த தமிழ் அவ்வளவும் உத்தரவு. வா, போ, தின்னு, இறங்கு, அடி விழும். எங்கள் வீட்டு ஆண்கள் பிள்ளைகளிடம் பேசியதே அவ்வளவுதான். அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்து எங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பாரே தவிர, உட்கார வைத்துப் பேசியதாக நினைவில்லை. வெட்கத்தை விட்டுப் புதிதாகப் பழகினேன். மையத்துக்கு நடக்கிற வழியெல்லாம் வாய் ஓயவில்லை. ராஜபாளையத்து நாய் இந்த நாயைவிட உசரம், வெள்ளை வெளேரென்று இருக்கும். இதெல்லாம் ஒரு மழையா, நம்ம மலையில் பெய்தால் ஓடையில் ஆள் இறங்க முடியாது. இப்படியே பேசிப் பேசி, ஒருநாள் வீட்டுக்குள் வந்ததும் கதிர் கேட்டான்: “அந்த நாயி எம்புட்டு உசரம்ப்பா?” வேலையில் இருந்த மனைவிக்கு ஃபோன் போட்டு அழுதேவிட்டேன். ஆனாலும் வாசலைத் தாண்டினால் பழைய பூட்டுத்தான்.

ஜூலையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நானும் கதிரும் மட்டும் மம்சாபுரம் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு உட்காரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று ஷீலா சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே அங்கன்வாடி இருக்கிறது. ஊர் வாயில் இன்னமும் பால்வாடிதான். அதுவரை நான் அங்கே காலடி வைத்ததே இல்லை. அப்பாவிடம் சொன்னதும் முகம் சுருங்கியது. “ஏலே, ராஜபாளையத்துல ஏசி போட்ட ஸ்கூல் இருக்கு, வேன் வாசலுக்கே வருது. இங்க எல்லா வீட்டுப் பிள்ளைகளும்ல வரும்.” எல்லா வீடு என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது. “ஒங்க பென்ஷனும் அதே கஜானாலருந்துதானப்பா வருது” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சமாதானத்துக்குப் போகாமல், மறுநாள் கதிரைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன்.

அங்கன்வாடியில் இடம் நெருக்கடிதான். இங்கிலாந்துக் கூடத்தில் ஹீட்டருக்கு ஆகிற செலவில் அங்கே இன்னொரு அறையே கட்டிவிடலாம். ஆனால் அந்த ஒரே அறையில் நடப்பதைப் பார்த்து அசந்துபோனேன். மில்லுக்குப் போகிறவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். பாட்டு, சத்துமாவு உருண்டை, மதியம் சோறு, முட்டை, பிறகு தூக்கம். எடை பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போய் டீச்சர் பேசிவிட்டு வருகிறார். ஷீலா செய்வதும் இதைத்தானே? என் அம்மா என்னைச் சுமந்தபோதும் யாரோ ஒரு டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்திருப்பார். எங்கள் ஆட்கள் அவரை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். கடல் தாண்டிப் போய் நான் வியந்த காரியம் கொல்லைப்பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

முதலில் கதிர் என் மடியை விட்டு இறங்கவில்லை. பேச வைக்கப் பார்த்த என்னை டீச்சர் தடுத்தார். “நெருக்காதீய தம்பி. அவனா பேசட்டும்.” என்னை வாசலுக்கு நகர்த்தினார், பிறகு வேப்பமரத்தடிக்கு, பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார். கதிருக்குப் பக்கத்தில் செல்வி என்று ஒரு வாயாடி. அவள் அம்மா மில்லில் வேலை பார்க்கிறார். கதிர் முட்டையின் மஞ்சள் கருவைத் தொட மாட்டான். அவள் கேட்காமலே எடுத்துத் தின்றுவிடுவாள். இருவருக்கும் அதில் பரம திருப்தி. ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது.

மதுரை விமான நிலையத்துக்கு டாக்ஸி வந்து தெருமுனையில் நின்றது. அப்பா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். கதிரைக் கூட்டிவர நான் அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாடா, நேரமாச்சு என்று கூப்பிட்டேன். கதிர் திரும்பினான். அறை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான்: “நீ போப்பா. நான் பொறவு வாரேன்.”

சொல்லிவிட்டுச் செல்வி பக்கம் திரும்பி அவளிடமும் ஏதோ பேச ஆரம்பித்தான். டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.  என்னைப் போகச் சொல்லும் இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாட்டில் காத்துக் கிடந்திருக்கிறேன். இப்போதோ, அந்த வார்த்தை வந்த இடத்திலிருந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த அப்பா, தெருமுனையைப் பார்த்துக் கணீரென்று சத்தம் கொடுத்தார்.

“செத்த நேரம் நில்லுப்பா. பேரன் பள்ளிக்கூடத்துல இருக்கான்.”

அவனுடைய பள்ளிக்கூடம் வேறொரு நாட்டில் இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உள்ளே போய் அவனைத் தூக்கவும் இல்லை, டாக்ஸிக்குப் போகவும் இல்லை. வாசலிலேயே நின்று அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.