நானூறு வரிக்குப் போட்ட துண்டு

பன்னிரண்டு வயதில் பழைய இரும்புக் கடைச் சாமான்களை வைத்து ரேடியோ செய்து பாடவைத்தேன். கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையை ஒற்றை ஆளாக நிறுத்தினேன். நாகலாபுரம் வரைக்கும் செத்துக் கிடந்த கிணற்று மோட்டார்களை ஓடவைத்தது இந்தக் கைதான். படிப்பு ஏழாம் வகுப்பு, அதிலும் ஆங்கிலத்தில் தவறியவன். இத்தனைக்கும் மேலாக நான் நினைப்பது, எண்பதுகளின் கடைசியில் ஒரு நூற்பாலைக் கம்ப்யூட்டருக்குள் இடம் உண்டாக்கிக் கொடுத்ததைத்தான்.

அந்த ஆலைக்கு எலக்ட்ரீசியனாகப் போனவன் நான். கம்ப்யூட்டர் வைக்க மெட்ராஸிலிருந்து வந்த என்ஜினீயர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தட்டியதைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலி எனக்கு வந்தது.

ஆலை வாசலில் தினமும் பதிலித் தொழிலாளர்கள் காத்து நிற்பார்கள். வராதவர்களுக்குப் பதிலாக மூப்பு வரிசைப்படி இவர்களைக் கூப்பிட வேண்டும். டைம் கீப்பர் நோட்டைப் பார்த்துத் தன் ஆட்களையே முதலில் கூப்பிடுகிறார் என்று சண்டை வந்து, மேனேஜர் நோட்டைப் பீரோவில் பூட்டிவிட்டார். இனி கம்ப்யூட்டரில் உள்ள பட்டியல்தான் என்றார். அதைத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்ட என்ஜினீயர் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தார். அதன் பெயரையும் பட்டியலின் பெயரையும் தட்டினால் போதும். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் அடுத்த பக்கம், இன்னொன்றை அமுக்கினால் முந்தின பக்கம்.

பிறகு அவர் வருகைப்பதிவுப் புரோகிராமைப் பெரிதாக்கிவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். ஷிப்டு நேரத்தில் அதை நிறுத்த முடியாது. அது உள்ளே இருக்கும்போது பட்டியல் புரோகிராமுக்கு இடம் இல்லை என்றது மெஷின். டிரங்க் காலில் கேட்டால், "மெமரி கூடுதலா வாங்கணும், ரெண்டு மாசம் ஆகும்" என்றார் என்ஜினீயர்.

நான் வாயைக் கொடுத்தேன். "வேண்டாம் சார். இருக்கிற இடத்துக்குள்ள நான் அடக்கித் தாரேன், நாளைக் காலையில."

"முடியலைன்னா பழையபடி மோட்டார் பக்கம் போயிரும்யா" என்றார் மேனேஜர்.

என்ஜினீயர் விட்டுப்போன தாளில் புரோகிராம் அச்சாகியிருந்தது. பட்டியலை வைக்க நானூறு வரிக்கு இடம் என்று முதலிலேயே எழுதியிருந்தது. எனக்கு உடனே எட்டயபுரம் பஸ் நினைவுக்கு வந்தது. ஆள் ஏறுமுன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடிப்போமே, அதே வேலை. நானூறை நாற்பதாக்கினேன். தெரிந்தவர்கள் இருபது பேரை எழுதி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

காலையில் முந்நூறு பேர் பட்டியலைத் திறந்ததும் திரை முழுக்கக் கோணல் எழுத்து. எந்தக் கட்டைக்கும் அசைவில்லை. வருகைப்பதிவும் சேர்ந்து படுத்துவிட்டது. இடத்தைக் குறைத்த நான், பட்டியலை உள்ளே ஏற்றும் வரியில் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. நாற்பது சீட்டில் முந்நூறு பேரும் ஏறி, அடுத்தவன் மடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜர் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். டைம் கீப்பர் சிரித்தார். "காயில் சுத்துத ஆளுல்லா, பெட்டியவும் சுத்திப்புட்டாரு."

மூன்று மணி ஷிப்டு வரைதான் கெடு. என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குள் விட்டுப் பூட்டச் சொன்னார் மேனேஜர். கரிசல் தூசி வராமலிருக்க அந்த அறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வாசல் பக்கம் கையகலத் துவாரம் ஒன்றுதான். காலையில் வேலை கிடைக்காதவர்கள் அங்கேயே நின்றார்கள்.

"அண்ணாச்சி, பெட்டி முழிச்சுட்டா?"

"ஏலே, அவிய உள்ள அடைபட்டுக் கெடக்காவ. சும்மா இருல."

"நாம மட்டும் என்னவாம்? வந்த பஸ்ஸையும் விட்டுட்டு நிக்கோம்."

முகத்தைத் திருப்ப அங்கே இடம் இல்லை. ஏசி காற்றிலும் சட்டை நனைந்தது. தாளை மறுபடி எழுத்து எழுத்தாகப் படித்தேன். முழுப் பட்டியலையும் எதற்காக உள்ளே வைக்கிறார்? முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போவதற்காக. பட்டியல்தான் டிஸ்கிலேயே கிடக்கிறதே! ஒவ்வொரு பக்கமும் அதில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண் மட்டும் இருந்தால் போதாதா?

ஒரு பக்கத்துக்கு மட்டும் சீட்டு வைத்தேன். ஒரு பக்கம் ஏறும், இறங்கும், அதே சீட்டில் அடுத்தது உட்காரும். தொடக்க எண்களுக்குச் சின்னதாக ஓர் இடம். யாரும் படிக்காத முழுப் பக்க ஆங்கில உதவிக் குறிப்பு ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது, இறக்கிவிட்டேன். இம்முறை முந்நூறு பேரையும் ஏற்றித்தான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வருகைப்பதிவு ஓட ஓடவே பட்டியல் திறந்தது. கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பியும் வந்தேன். நோட்டு பீரோவுக்குள் போனது. துவாரத்தில் திரையை எட்டிப் பார்த்த ஒருவர் கத்தினார்: "என் பேரு ஒன்பதாவதுல்லா! காலையில ஏன் கூப்பிடல?" டைம் கீப்பர் திரையைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மறுமாதம் என்ஜினீயர் வந்தார், ஓட்டிப் பார்த்தார், "பரவாயில்லையே" என்றார். புரோகிராமின் முதல் வரியில் பழையபடி அவர் பெயர் மட்டும் இருந்தது. அப்படியே விட்டுப் போனார். பின்னால் ஆலை போட்ட ஆண்டு மலர்ப் படத்திலும் அந்தப் பெட்டி முன்னால் நிற்பவர் அவர்தான்.

எழுதியது அவர், மறுக்கவில்லை. அடக்கியது நான். இனி அந்த ஆலையைப் பற்றி யார் எதை அச்சடித்தாலும் இரண்டு பெயரும் வர வேண்டும். அடியில் பொடி எழுத்தில் நன்றி சொல்வதெல்லாம் எனக்கு வேண்டாம். அவர் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில், அதே வரியில் என் பெயரையும் போடுங்கள்.