தம்பிக்கு ஒரு குட்டைத் துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் எதை வாங்குவதாக இருந்தாலும் அது என் நோட்டு வழியாகத்தான் வர வேண்டும் என்று எப்போது ஆனது என எனக்குத் தெரியவில்லை. கிணற்று மோட்டார், கிரைண்டர், நைனாவுக்குக் கடைசி வருடங்களில் வாங்கிய காது மெஷின் எல்லாம் அப்படி வந்தவை. பக்கத்தை நெட்டுக்குக் கோடு போட்டுப் பிரிப்பேன். எடை, நீளம், ரிப்பேர் வந்தால் உள்ளூரில் ஆள் உண்டா, எத்தனை வருடம் உழைக்கும். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பெயர். அதற்குப் பிறகு யாரும் விவாதிப்பதில்லை. முதலில் பெருமையாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு அலுப்பாக இருக்கிறது. தவறாக அமைந்தால் கேட்க என்னிடம் வருகிறார்கள், சரியாக அமைந்தால் மறந்துவிடுகிறார்கள்.

நான் செஞ்சியில் ஒரு எடைமேடையில் வேலை செய்கிறேன். நெல் லாரி மேடையில் ஏறும், எழுதுவேன். சரக்கை இறக்கிவிட்டு வந்து மறுபடி ஏறும், எழுதுவேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே நிறைய நேரம் கிடைக்கும்.

தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவான். போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு அப்படிக் கூப்பிட்டபோது குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"ண்ணா, ஒண்ணு பார்த்துச் சொல்லணும்."

"இன்னா பொருள்?"

"சொன்னா கத்தக் கூடாது."

"கத்தறதுக்குத் தெம்பு இல்லடா. சொல்லு."

"துப்பாக்கி. மான் வேட்டைக்கு."

நாங்கள் சமணர்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்களைப் போல நிலமும் வியாபாரமுமாகத் தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. கறி, முட்டை கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. தம்பி அங்கே என்ன சாப்பிடுகிறான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நைனா இறந்த வருடம் நான் கோயிலில் கொல்லாமை விரதம் எடுத்துக்கொண்டேன். அதில் மூன்று பகுதிகள் உண்டு. நானாக ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. பிறரைக் கொண்டு கொல்விக்கக் கூடாது. யாராவது கொன்றால் அதற்கு மனதால்கூட உடன்படக் கூடாது. இத்தனை வருடத்தில் எதுவும் சறுக்கவில்லை என்று நினைத்திருந்தேன். எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது பெரிய சாதனை இல்லை.

அன்றைக்கு நான் உடனே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எதுக்குடா உனக்கு?" என்றுதான் கேட்டேன்.

அவனோடு வேலை செய்யும் ஒருவருக்கு நாற்பது ஏக்கர் காடு இருக்கிறது. வருடா வருடம் வேட்டைக் காலத்தில் நான்கைந்து பேர் அங்கே ஒரு மரக் குடிசையில் போய்த் தங்குகிறார்கள். தம்பியையும் அழைத்துப் போகிறார்கள். "மூணு வருஷமா அவங்க எல்லாம் காட்டுக்குள்ள போறாங்க, நான் குடிசையில உக்காந்து காபி போட்டுக் குடுக்கறேன்ணா. நல்லா போடறேன்னு சொல்றாங்க. அதான் கஷ்டமா இருக்குது" என்றான்.

மூன்று துப்பாக்கிகளின் படங்களை அனுப்பினான். திங்கட்கிழமை காலை, ஒரு லாரி இறங்கி அடுத்தது வருவதற்குள், யோசிக்காமலேயே நான் கோடு போட ஆரம்பித்திருந்தேன்.

அங்கே ஒரு விதி இருக்கிறது. அவன் இருக்கும் பகுதி மேடு பள்ளமில்லாத சமநிலம், வீடுகளும் நெருக்கம். சாதாரண ரைபிள் குண்டு குறி தவறினால் வெகுதூரம் போய் யார் வீட்டுச் சுவரிலாவது விழும். அதனால் மான் வேட்டைக்கு நேரான கூடு உள்ள தோட்டாக்களைத்தான் அனுமதிக்கிறார்கள். தோட்டாவின் பித்தளைக் கூடு கோலி சோடா பாட்டில் மாதிரி தோள் வைத்துக் கழுத்து குறுகியிருந்தால் அது வேகமாகத் தூரம் போகும் ரகம். டார்ச் லைட் பேட்டரி மாதிரி அடியிலிருந்து நுனி வரை நேராக இருந்தால் குண்டு கனமாக இருக்கும், வேகம் குறைவு, சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். காட்டுக்குள் அது போதும் என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. புரிந்தபோது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாக இருந்தது.

முதல் துப்பாக்கி பழைய பாணி. கைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். குட்டையானது, அழகானது. தம்பிக்கு அதன் மேல்தான் கண். இரண்டாவது பெரிய தோட்டா போடுவது. அவன் நண்பர்கள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறதாம். சுட்டால் தோளில் காளை முட்டுவது போல் உதைக்கும் என்று படித்தேன். மூன்றாவது பார்வைக்குச் சாதாரணமானது, தோட்டா மெல்லியது, உதை குறைவு.

தம்பியின் வலது தோளில் தகடு வைத்திருக்கிறது. பனியில் வழுக்கி விழுந்தபோது வைத்தது. "தோள்" என்று தனியாக ஒரு கட்டம் போட்டேன். எடை குறைந்த துப்பாக்கி காட்டில் தூக்கி நடக்க வசதி, ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். குழல் குட்டையானால் புதரில் சிக்காது, ஆனால் சத்தம் அதிகம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. கிரைண்டர் வாங்கியபோதும் இப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை ஒட்டடைக் கம்பு ஒன்றை எடுத்துப் போனேன். துப்பாக்கிகளில் குட்டையானதற்கு முப்பத்தாறு அங்குலத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, நீளமானதற்கு நாற்பத்திரண்டில் ஒன்று. எடைமேடைக்குப் பின்னால் வேலிகாத்தான் முட்புதர் ஓடைவரை போகிறது. அதற்குள் நுழைந்து, கம்பைத் தோளில் வைத்து இடமும் வலமும் திரும்பிப் பார்த்தேன். நீளமான அளவில் கம்பின் நுனி ஒவ்வொரு முறையும் கிளையில் மாட்டியது. குட்டை அளவில் மாட்டவில்லை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று காலால் எட்டு வைத்து அளந்தேன். எந்தப் பக்கமும் எழுபது அடிக்கு மேல் இல்லை.

வெளியே வந்தபோது அவலூர்பேட்டை லாரி டிரைவர் மேடையில் வண்டியை ஏற்றிவிட்டு, கதவில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், குரங்கு தொல்லையா?"

"இல்லப்பா. தம்பிக்கு ஒரு துப்பாக்கி பார்க்கிறேன். அமெரிக்காவுல மான் வேட்டைக்கு."

"சார், மான்னு மெதுவா சொல்லுங்க. இந்தப் பக்கம் ஃபாரஸ்ட்காரங்க சுத்தினு இருக்காங்க. ஒட்டடைக் கம்போட புடிச்சா ரொம்ப அசிங்கம் சார்."

நான் சிரித்தேன். அவர் வண்டியின் எடையை எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். நோட்டு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. என் மனைவி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நோட்டைத் திருப்பிப் படித்தாள். எழுத்துக்கூட்டுவது போல நிதானமாகப் படித்தாள்.

"நீளம். எடை. தோள். இது இன்னாங்க, 'ஒரே குண்டில் விழுமா'? எது விழுமா?"

"மான்."

"மான்னு எழுத வேண்டியதுதானே. எழுத கை வரலையா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"கோயில்ல எடுத்தது இன்னா ஆச்சு?"

"நான் சுடப் போறேனா? அவன்தான சுடப் போறான். கேட்டான், பார்த்துச் சொல்றேன்."

"கடைக்காரனும் அதத்தான் சொல்வான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னது சரி. கொல்விப்பது என்ற இரண்டாவது பகுதி வேறெதற்காக இருக்கிறது? மூன்று நாளாக நான் செய்துகொண்டிருந்தது அதுதான். ஒரு மானை எப்படிச் சுட்டால் விழும் என்று சுட வேண்டியவனைவிட அதிகமாக நான் படித்திருந்தேன். கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கோடு போட்ட கைக்குத் தெரியவில்லை. மீதி மூன்று நாள் நோட்டைத் தொடவில்லை. மறுப்பதென்று முடிவு செய்தேன்.

ஞாயிறு அவன் கூப்பிட்டதும் சொன்னேன். "என்னால முடியாதுடா. விரதம் இருக்குது. நீயே பார்த்துக்க."

"சரிண்ணா" என்றான். பிறகு, "அப்ப பெரிசையே வாங்கிக்கறேன். எல்லார்கிட்டயும் அதான் இருக்குது" என்றான்.

"உன் தோளு?"

"தாங்கும்."

"தாங்காதுடா. உதைக்குப் பயந்து சுடற நேரத்துல தோளைப் பின்னால இழுப்ப. குறி தப்பும்."

"தப்பினா தப்பட்டும்."

"தப்பினா மான் அங்கேயே விழாது. வயித்துல குண்டோட ஓடும்."

"ஆமா" என்றான். "போன வருஷம் அப்படி ஒண்ணு ஓடுச்சு. மூணு நாள் கழிச்சு பக்கத்து ஆளோட குட்டையில கிடந்துச்சு. யாரு சுட்டதுன்னு யாரும் சொல்லல." பிறகு சொன்னான், "நீ சொல்லலைன்னாலும் நான் போவேன்ணா. இந்த வருஷம் காபி போட மாட்டேன்."

மிரட்டுகிறானா, உண்மையைச் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றேன். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் ஒன்று ஜன்னல் வரை கூட்டத்தோடு போனது. மறுத்தால் என் விரதம் நிற்கும், எங்கோ ஒரு மான் மூன்று நாள் கிடந்து சாகும். சொன்னால் அது ஒரு நொடியில் சாகும், நான் கொல்வித்தவன் ஆவேன். இரண்டையும் தராசில் வைப்பது போல மனதில் வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் எடை போட்டவனுக்கு அதில் எது கனம் என்று பார்க்கத் தெரியவில்லை. மிகவும் களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பிலேயே சொல்லிவிட்டேன் என்பதுதான் உண்மை. தெளிந்து எடுத்த முடிவு என்று எழுதினால் பொய்.

"மூணாவது படம். உதை குறைவு. குழல் பதினாறு அங்குலம் போதும், உங்க காட்டுல அதுக்கு மேல நீளம் வேணாம். ரொம்ப லேசா இருக்கறத வாங்காத, கொஞ்சம் கனம் இருக்கட்டும். நூறு அடிக்கு மேல சுடாத. போறதுக்கு முன்னால அம்பது தோட்டாவாவது அட்டையில சுட்டுப் பழகு. மானு பக்கவாட்டுல நிக்கலைன்னா சுடாத."

"எழுதிக்கறேன்ணா" என்றான். பேனா உரசும் சத்தம் கேட்டது. அவனும் என்னை மாதிரிதான், கையால்தான் எழுதுவான்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று டைரியில் நேரம் போட்டு, சொன்னதை முழுவதும் எழுதினேன். கீழே, "இரண்டாவது முறிந்தது" என்று எழுதினேன். மூன்றாவதாவது நிற்கட்டும் என்று எண்ணினேன். அவன் கொன்றால் அதற்கு வருந்துவேன், உடன்பட மாட்டேன், அது என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு தாமதமாகக் கூப்பிட்டான். படம் எதுவும் அனுப்பவில்லை. என் மனதுக்காக அனுப்பாமல் இருந்திருப்பான்.

"முடிஞ்சதுண்ணா" என்றான். குரல் நன்றாக இல்லை.

நான் வருந்தியிருக்க வேண்டிய இடம் அது. என் வாயிலிருந்து வந்தது, "எத்தனை அடி?"

"அறுபது இருக்கும்."

"ஓடுச்சா?"

"இல்ல. நின்ன இடத்துலயே."

என் உடம்பில் ஏதோ இறங்கி அமர்ந்தது. நோட்டில் கடைசிக் கட்டத்தில் எழுதிய பெயர் சரியாகிப்போகும்போது வருமே, அதே நிம்மதி. மோட்டார் முதல் தடவை தண்ணீர் கொட்டியபோது வந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு கணம் முழுதாக மகிழ்ந்தேன். அதற்குப் பிறகுதான் மான் நினைவுக்கு வந்தது. மூன்றாவதும் போனது அப்போதுதான், வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை.

பத்து நாள் ஒருவேளை உணவு என்று வைத்துக்கொண்டேன். மனைவி முதல் நாள் தட்டை எடுத்தபடி சொன்னாள்: "மான் அங்க செத்துச்சு, பட்டினி இங்கயா? நல்லா இருக்குதுங்க உங்க கணக்கு." மறுநாளிலிருந்து அவளும் ஒருவேளைதான் சாப்பிட்டாள். காரணம் கேட்டதற்கு, ஒருவருக்காக அடுப்பு மூட்டச் சலிப்பாக இருக்கிறது என்றாள்.

ஏழாவது நாள் ஞாயிறு. தம்பி கூப்பிட்டான். குரல் தேறியிருந்தது. குடிசையில் இந்த முறை காபி போட்டது வேறு ஒருவர் என்றும், தண்ணீர் மாதிரி இருந்தது என்றும் சொன்னான். பிறகு கொஞ்சம் இழுத்தான்.

"ண்ணா, கறி நிறைய இருக்குது. சின்னதா ஒரு ஃப்ரீசர் பார்க்கணும். ரெண்டு மூணு படம் அனுப்பட்டா?"

"அனுப்பாதடா" என்றேன். "நீயே பாரு."

"எது நல்லதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் வாங்கு."

அவன் சிரித்தான், விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்தான். நான் அப்படிச் சொல்லவில்லை என்பது புரிய அவனுக்குச் சற்று நேரமானது. "சரிண்ணா" என்று வைத்துவிட்டான். மேசை மேல் இருந்த நோட்டை மனைவி எடுத்து, அரிசி டப்பாவின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, டப்பா ஆடாமல் இருக்க அதற்குக் கீழே முட்டுக்கொடுத்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.