மறுத்தவரிடமே மேல்முறையீடு

வீட்டுத் திட்டத்தில் விண்ணப்பம் தள்ளுபடியானவர்களுக்காக மேல்முறையீட்டுக் குழு ஒன்று அமைக்கப் போவதாகவும், பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக நான் வர வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அரசாணையை இரண்டு முறை படித்து அடிக்கோடிட்டுக்கொண்டு காரைக்குடி அலுவலகத்துக்குப் போனேன். தலைவராக ஓர் உயர் அதிகாரி, ஒரு பொறியாளர், நான், ஒரு செயலர். செயலர் யார் என்பது மட்டும் ஆணையில் இல்லை. அங்கே போய்த்தான் பார்த்தேன்: விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்ட அதே அதிகாரி.

இது எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். கோப்பெல்லாம் அவருக்குத்தான் அத்துபடி என்றார் தலைவர். டீ வந்தது.

முதல் மனு கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுடையது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடொன்றைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவர். பின்கட்டில், முன்பு விறகு அடுக்கியிருந்த அறையில் பிள்ளைகளோடு குடியிருக்கிறார். ரேஷன் கார்டில் அந்த வீட்டின் கதவு எண். அதை வைத்து, 'சொந்த மாடி வீடு உள்ளது' என்று எழுதி மறுத்திருந்தார்கள். அந்த வீடு ஹோட்டலாகப் போகிறது. தை பிறந்ததும் அவர் வெளியேற வேண்டும்.

வீடு அவருடையதல்ல என்று உரிமையாளர்கள் அனைவரும் எழுதித் தரட்டும் என்றார் செயலர். இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், எந்தெந்த நாட்டில் இருப்பார்கள் என்பது இவருக்குத் தெரியாதா?

“முன்னோருக்குப் படைக்கிறப்பகூட எல்லாரும் வந்து சேர மாட்டாக சார்,” என்றார் அந்தப் பெண். “அம்புட்டுப் பேரு வீட்ட எம்பேர்ல எழுதிட்டீக. தெரிஞ்சா எம்மேல கேசு போட்ருவாக.”

பொறியாளர் சிரித்துவிட்டார். செயலர் நேரில் போய் மறு ஆய்வு செய்வார் என்று தலைவர் முடித்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “மொத வந்தப்பவும் முகப்போட நின்னு பாத்துட்டுப் போயிட்டாக. மறுபடியும் இவுகதான் வருவாகளா?”

நான் தலைவர் பக்கம் திரும்பினேன். இவர் செயலராக இருப்பதற்கு என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொன்னேன். செய்கிறோம் என்றார்கள். கையெழுத்துக்கு வந்த தாளில் 'குழு ஒருமனதாக அமைக்கப்பட்டது' என்றிருந்தது. 'ஒருமனதாக' என்பதை அடித்துவிட்டு, ஆய்வு பின்கட்டு வரை நடக்க வேண்டும், நானும் உடன் வருவேன் என்று எழுதிய பிறகே கையெழுத்திட்டேன்.

ஆய்வுத் தேதியைக் கேட்டு இதுவரை மூன்று முறை போய்விட்டேன். சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள். மார்கழி பாதி போய்விட்டது.