மூன்று ஸ்டேஷன், ஒரு சம்சாரம்

போன வியாழக்கிழமை நான் ஓடுகிற ரயிலில் ஏறினேன்.

நம்ப மாட்டீர்கள். என் தொப்பையை நேரில் பார்த்தவர்கள் நிச்சயம் நம்ப மாட்டார்கள். ஆனால் அன்று காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. ஒரு போர்ட்டர் கைதட்டினார் என்றுகூட ஞாபகம்... அல்லது தலையில் அடித்துக்கொண்டாரோ என்னவோ. ஓடுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

விஷயத்துக்கு வருகிறேன்.

என் சம்சாரம் எஸ்தர், கோலார் தங்கவயலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாசமாகியிருந்தது. ஒரு வாரம் என்று சொல்லிப் போனவள். ஏன் திரும்பவில்லை? ஒரு வாழைக்குலை. எங்கள் பிரேசர் டவுன் வீட்டுக் கொல்லையில் அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், குலை தள்ளியதும் பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழகாக வெட்டி எடுத்துக்கொண்டார். எஸ்தர் மதில் ஓரமாக நின்று நியாயம் கேட்டாள். நான் என்ன செய்தேன்? அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, “பரவாயில்லை சார், நீங்க சாப்பிட்டா என்ன, நாங்க சாப்பிட்டா என்ன” என்று பல்லைக் காட்டினேன்.

அவள் கோபம் பழத்துக்காக அல்ல. இது எனக்குப் புரிவதற்கு, காலி வீட்டில் நானே காபி போட்டு நானே குடிக்க வேண்டியிருந்தது.

நான் ஒரு வரி எழுதிப் போடவில்லை. அவளும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மைத்துனனோடு சுரங்க ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்தார்.

“அக்கா வியாழக்கிழமை காலை வண்டியில வர்றாங்க சார். நீங்க ஸ்டேஷனுக்கு வரணுமாம். வந்தா வீட்டுக்கு வருவாங்களாம். வராட்டி அப்படியே அடுத்த வண்டியில திரும்பி எங்க ஊருக்கு.”

“தமாஷாச் சொல்லியிருப்பா.”

“சிரிக்கலையே சார்.”

சந்தோஷத்தில் அந்த மனிதருக்குக் காபி மேல் காபியாகக் கொடுத்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. எந்த ஸ்டேஷன்?

இந்தப் பத்தியைப் படிக்கும் வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி இந்த ஊரில் மூன்று இடத்தில் நிற்கும். முதலில் ஈஸ்ட். சின்ன ஸ்டேஷன் — வண்டி நின்றதா இல்லையா என்று யோசிப்பதற்குள் கிளம்பிவிடும். அப்புறம் கண்டோன்மென்ட். கடைசியில் சிட்டி. எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருப்பது ஈஸ்ட். ஆனால் டிரங்குப் பெட்டியோடு வருகிறவள், போர்ட்டரும் ஜட்காவும் கிடைக்கிற கண்டோன்மென்டில்தானே இறங்குவாள்? என் மூளை இப்படித் தீர்ப்பு எழுதியது. என் மூளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

முகச்சவரம், இஸ்திரி போட்ட கோட்டு, பேக்கரியிலிருந்து சுடச்சுட பிஸ்கட் பொட்டலம்... கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சீக்கிரம் தயாரானதில்லை. பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னாலேயே போய் நின்றேன். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் எட்டிப் பார்த்தேன். இல்லை. அடுத்த பெட்டி. இல்லை. யாரோ ஒரு அம்மாளின் முகத்துக்கு நேரே “எஸ்தர்?” என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

வண்டி நகர ஆரம்பித்தது. எனக்குள் ஒருவன் கத்தினான் — உள்ளே தூங்கிவிட்டாள், சிட்டிக்குப் போகிறாள், அங்கே இறங்கி உன்னைத் தேடுவாள், நீ இருக்கமாட்டாய், போச்சு.

ஓடினேன். ஏறினேன். பிஸ்கட் பாதி பிளாட்ஃபாரத்தோடு நின்றுவிட்டது.

சிட்டியில் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். அவள் இல்லை. வாசலில் டிக்கெட் கலெக்டர் கை நீட்டினார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கண்டோன்மென்ட் பிளாட்ஃபாரம் டிக்கெட் அல்லவா சார்? அந்தப் பிளாட்ஃபாரம் இங்கே வரைக்கும் நீளுதா?”

“சம்சாரத்தைக் காணோம் சார்.”

“டிக்கெட் அவங்ககிட்ட இருக்கா?”

“அவங்களே இல்லைங்கிறேன்.”

கேட்டதைக் கட்டிவிட்டு வெளியே வந்து ஒரு ஜட்காவில் விழுந்தேன். கண்டோன்மென்டுக்குத் திருப்பி விடச் சொன்னேன். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் பறந்த பறப்பில் ஜட்காக்கார சாயபு பயந்துபோனார்.

“என்னா சாப், ஆஸ்பத்திரி கேஸா?”

“இல்லை. சம்சாரம் ஊரிலிருந்து வரவேண்டியது... வரலை.”

“அட, அதுக்கா குதிரையை இப்படி ஓட்டச் சொன்னீங்க. நிதானமாப் போலாம் சாப். நல்ல நாளுதான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசகர்களே, ஊரையே சிரிக்கவைக்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வண்டியே ஏறவில்லையா? தனியாக எத்தனை வருஷம் காபி போடுவேன்?

கண்டோன்மென்டில் காலையில் பார்த்த அதே போர்ட்டர். “ஈஸ்ட்ல பாத்தீங்களா சார்?” என்றார். அவ்வளவுதான். குதிரை ஈஸ்டுக்குப் பறந்தது.

காலி பிளாட்ஃபாரம். ஒரு மரம். மரத்தடியில் டிரங்குப் பெட்டி. பெட்டியின் மேல் எஸ்தர். வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“சிட்டி வரைக்கும் போயிட்டீங்களா?” என்றாள்.

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்?”

எனக்கு மூச்சு வாங்கியது. “இங்கே ஏன் இறங்கினே?”

“உங்க முட்டிவலிக்குக் கண்டோன்மென்ட் தூரம். இதுதானே வீட்டுக்குக் கிட்ட.”

பாருங்கள். அவள் பெட்டியை நினைத்து நான் அங்கே. என் முட்டியை நினைத்து அவள் இங்கே. அன்பு இரண்டு பக்கமும் வழிகிறது. ஆனால் சந்திப்பு நடக்கவில்லை.

மூச்சு வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். “வாழைக்குலை விஷயத்திலே நீ கேட்டதுதான் நியாயம். நான் உன் பக்கம் நின்னிருக்கணும்.”

“அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியலை.” இன்னொரு கடலையை உரித்தாள். பிறகு தலை நிமிராமலே, “திரும்பிப் போற வண்டி ஒண்ணு வந்துச்சுங்க. பெட்டியைத் தூக்கிட்டேன்.”

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் கீழே வச்சிட்டேன். வராம இருக்கிற ஆளா நீங்க? தப்பான இடத்துக்குத்தான் போயிருப்பீங்க. நான் கண்டோன்மென்டுக்கு வந்தா நீங்க சிட்டியிலே. நான் சிட்டிக்கு வந்தா நீங்க இங்கே. ரெண்டு பேரும் ராத்திரி வரைக்கும் சுத்த வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் உக்காரணும்னு உக்காந்துட்டேன்.”

வாரம் தவறாமல் ஒரு வாசகராவது எனக்கு எழுதுகிறார் — ‘காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம், ஏன் சண்டை வருகிறது? காதல் போதாதா?’ என்று. நானும் ஏதேதோ தமாஷ் எழுதி மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். காதல் என்னிடம் வண்டி வண்டியாக இருந்தது. அதுதான் என்னை ஓடுகிற ரயிலில் ஏற்றியது, அபராதம் கட்டவைத்தது, பிஸ்கட்டைக் கொட்டவைத்தது. சேர்த்துவைத்தது அது இல்லை. இந்த மனுஷன் எப்படியெல்லாம் முட்டாள்தனம் செய்வான் என்று தெரிந்து, அதற்கும் இடம் விட்டு, தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தாளே... அதற்கு என்ன பெயர்? பொறுமை என்றால் போதாது. நம்பிக்கை என்றாலும் முழுசாக வரவில்லை. பெயர் கிடைத்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். எப்போதும் ஒருத்தரே உட்கார்ந்துகொண்டிருந்தால்? ஒரு நாள் அலுத்துப்போய் அந்த வண்டியில் ஏறிவிட மாட்டாரா?

ஜட்காவுக்குக் கொடுத்ததோடு கைக்காசு தீர்ந்துபோனதால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பெட்டி என் தலையில் இருந்தபோது, எஸ்தரிடம் சத்தியம் செய்திருக்கிறேன் — அடுத்த தடவை அவள் தேடட்டும், நான் உட்காருகிறேன் என்று.

“எந்த ஸ்டேஷன்லே?” என்றாள்.